கடையில் கிடைக்காத வெற்றிப்பாட்டு: கில்மன் தெருவும் 'விலைபோதலும்'

கிரீன் டே என்ற மூவர் குழுவின் 'பாஸ்கெட் கேஸ்' 1994-இன் பிற்பாதியில் அமெரிக்க வானொலிகளில் ஓயாமல் ஒலித்த பாட்டு. பில்போர்டு பத்திரிகையின் நவீன ராக் பட்டியலில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. எம்டிவி அதன் காணொளியைத் திரும்பத் திரும்பப் போட்டது. இவ்வளவுக்கும், அந்த வருஷம் அமெரிக்காவில் ஓர் இசைத்தட்டுக் கடைக்குப் போய் 'இந்த ஒரு பாட்டு மட்டும் குடுங்க' என்று கேட்டிருந்தால் கடைக்காரர் கையை விரித்திருப்பார். சிங்கிள் என்று சொல்லப்படும் ஒற்றைப்பாட்டுத் தட்டாக அது அங்கே விற்பனைக்கு வரவே இல்லை. பாட்டு வேண்டுமென்றால் 14 பாட்டுகள் அடங்கிய 'டூக்கி' என்ற முழுத் தொகுப்பை வாங்கியாக வேண்டும்.

தொண்ணூறுகளில் பெரிய ரிகார்டு கம்பெனிகள் பரவலாகக் கையாண்ட வியாபார முறை இது. வானொலிக்குப் பாட்டை அனுப்புவார்கள். கடையில் தனியாகக் கிடைக்காமல் பார்த்துக்கொள்வார்கள். ஆசையைக் கிளப்பிவிட்டு அது வெளியேறும் ஒரே வாசலில் விலை கூடிய குறுந்தகட்டை வைப்பது. பில்போர்டின் தலைமைப் பட்டியலான 'ஹாட் 100'-இல் இடம்பெற வேண்டுமானால் அப்போது பாட்டு கடையில் தனித்தட்டாக வந்திருக்க வேண்டும். ஆகவே நாடு முழுக்க முணுமுணுத்த பாட்டு அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. 1998 டிசம்பரில்தான் இந்த விதியை மாற்றினார்கள். பிரிட்டனில் வழக்கம் வேறு. அங்கே தட்டாக விற்றார்கள், 1995 தொடக்கத்தில் மறுபடி வெளியிட்டபோது ஏழாம் இடம்வரை வந்தது.

ஆக 'ஹிட் சிங்கிள்' என்ற பண்டம் அதன் சொந்த ஊரில் ஓர் இன்மையாகவே இருந்திருக்கிறது. எல்லோர் காதிலும் இருந்தது, யார் கையிலும் இல்லை. பண்டம் தன் விளம்பரமாகவே மாறிவிடுகிற கட்டம் இது என்று கொள்ளலாம். காசில்லாமல் கேட்டது விளம்பரம். காசு கொடுத்து வாங்கியது வேறொன்று. 'டூக்கி' 1999-இல் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகள் என்ற சான்றைப் பெற்றது. குழந்தைப் பேச்சில் 'பீ' என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட ஒன்று, ஒரு கோடி!

இந்தக் கணக்கிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. கிரீன் டே பற்றிய பேச்சு முப்பது வருஷமாக ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: அவர்கள் விலைபோனார்களா, இல்லையா? இந்தக் கேள்வியை ஒழுக்கவியல் கேள்வியாகவே கேட்டுப் பழகிவிட்டோம். நம்மிடமும் இது புதிதில்லை. சிறுபத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவர் வெகுஜன வார இதழில் தொடர் எழுதப் போனால் நாம் என்ன பேசுவோம் என்பதை இதை வாசிப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒப்பந்தம், கடன், பட்டியல், வானொலி ஆகியவற்றாலான ஓர் இயந்திரத்தை ஒரு தனி ஆளின் கற்பாக மொழிபெயர்ப்பதில் நமக்கு இருக்கும் ருசி எங்கிருந்து வருகிறது? அதை நான் கிரீன் டேயை வைத்துப் பேசிப் பார்க்கிறேன்.

முதலில் இடம். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கில்மன் தெரு 924 என்ற முகவரியில் ஒரு பழைய கிடங்கு. 1986-இன் கடைசி நாள் இரவு அங்கே ஒரு பங்க் அரங்கம் திறக்கப்பட்டது. 'மாக்ஸிமம் ராக்கன்ரோல்' பத்திரிகையின் டிம் யோஹானன் இதன் முக்கிய கர்த்தா. அந்தப் பத்திரிகையே 1977-இல் ஒரு வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கி 1982-இல் அச்சுக்கு வந்தது. கில்மனில் சம்பளத்துக்கு ஆள் கிடையாது, தன்னார்வலர்கள்தான் நடத்தினார்கள். லாப நோக்கம் இல்லை. குடி கிடையாது, போதை கிடையாது, அடிதடி கிடையாது, இனவெறிக்கும் பெண்வெறுப்புக்கும் ஒருபாலீர்ப்பாளர் மீதான வெறுப்புக்கும் இடம் கிடையாது என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள். இன்னொரு விதியும் இருந்தது. பெரிய ரிகார்டு கம்பெனியில் ஒப்பந்தம் போட்ட குழுவுக்கு மேடை இல்லை.

இந்தக் கடைசி விதியைக் கேட்டவுடன் 'என்னங்க இது, தீட்டு மாதிரி இருக்கே' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் யோசித்துப் பார்த்தால் இது தூய்மைவாதம் மட்டுமில்லை. நூற்றுக்கணக்கானவர் கூடுகிற ஓர் இடம், நுழைவுக் காசு சில டாலர்கள், வாசலில் நிற்பவரும் மேடையில் நிற்பவரும் அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெரிய பெயர் மேடையேறினால் முதலில் உடைவது வாசல்தான். கூட்டம் பத்து மடங்காகும். கூட்டத்தோடு கம்பெனியின் ஆள்பிடிக்கும் அதிகாரியும் வருவார். அதன்பின் மேடையில் நிற்கிற பையன் எதிரே நிற்கிற சிநேகிதனைப் பார்த்து வாசிக்க மாட்டான், பின்வரிசையில் குறிப்பேட்டுடன் நிற்பவரைப் பார்த்து வாசிப்பான். ஒரு வெளியை அதன் அளவிலேயே வைத்துக்கொள்வதற்கான தற்காப்பு ஏற்பாடு அந்த விதி. அதை நான் மதிக்கிறேன்.

கிரீன் டே இங்கே வளர்ந்த குழு. பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங், மைக் டர்ன்ட் இருவரும் பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஊரான ரோடியோவின் பள்ளிச் சிநேகிதர்கள். ஆம்ஸ்ட்ராங்கின் அப்பா லாரி ஓட்டியவர், ஜாஸ் வாசித்தவர். மகனுக்குப் பத்து வயதானபோது இறந்துபோனார். அம்மா உணவகத்தில் பரிமாறும் வேலை. பையன் பதினெட்டு வயது நிறைவதற்குள் பள்ளியை விட்டாயிற்று. 'ஸ்வீட் சில்ட்ரன்' என்ற பெயரில் தொடங்கிய குழு 1989-இல் கிரீன் டே ஆனது. பிறகு ட்ரே கூல் டிரம்ஸ் வாசிக்க வந்தார். லாரி லிவர்மோர் நடத்திய 'லுக்அவுட் ரிகார்ட்ஸ்' என்ற சிறிய கம்பெனி இவர்களுடைய முதல் இரண்டு தொகுப்புகளை வெளியிட்டது. 1993-இல் வார்னர் குழுமத்தைச் சேர்ந்த ரிப்ரைஸ் கம்பெனியுடன் கையெழுத்துப் போட்டார்கள். ராப் கவல்லோ தயாரிப்பாளர். 'டூக்கி' 1994 பிப்ரவரி முதல் தேதி வெளிவந்தது. கில்மனின் கதவு சாத்தப்பட்டது. அடுத்த வருஷத் தொகுப்பில் '86' என்று ஒரு பாட்டே எழுதினார் ஆம்ஸ்ட்ராங். ஒரு இடத்துக்குள் விடாமல் வெளியே தள்ளுவதைக் குறிக்கும் அமெரிக்கக் கொச்சை அந்த எண்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' 1991 செப்டம்பரில் வந்து, யாரும் எதிர்பாராத அளவில் விற்றது. 'அழுக்குச் சட்டைப் பையன்களிடமும் காசு இருக்கிறது' என்று கம்பெனிகளுக்கு உறைத்தது. ஊர் ஊராக ஆள்பிடிக்க ஆரம்பித்தார்கள். 'டூக்கி' வந்து இரண்டு மாதத்தில் கர்ட் கோபைன் தற்கொலை செய்துகொண்டார். துயரத்தின் கனத்தை விற்ற சந்தை, அந்தக் கனம் நிஜமாகவே ஆளைக் கொன்றதும் அதே துயரத்தைக் கொஞ்சம் சிரிப்போடு சொல்கிற குரலைத் தேடியது என்று நான் ஊகிக்கிறேன். ஊகம்தான். ஆனால் அந்தக் கோடையில் கேட்ட பாட்டு எதைப் பற்றியது என்று பார்த்தால் ஊகத்துக்குக் கொஞ்சம் பலம் கிடைக்கும்.

'பாஸ்கெட் கேஸ்' என்ற சொல் முதல் உலகப்போர்க் காலத்து வதந்தியில் பிறந்தது. கைகால் நான்கையும் இழந்து கூடையில் வைத்துத் தூக்கி வரப்படும் சிப்பாய்களைப் பற்றிய வதந்தி; அப்படி யாரும் எங்களிடம் இல்லை என்று அமெரிக்க ராணுவத் தரப்பு மறுக்கவேண்டி வந்த அளவுக்குப் பரவியது. பின்னால் அந்தச் சொல் மனம் கலங்கிச் செயலற்றுப்போனவரைக் குறிக்கலாயிற்று. ஆம்ஸ்ட்ராங்குக்குத் திடீர் பீதித் தாக்குதல்கள் வரும். தனக்கு என்ன நேர்கிறதென்று தெரியாமல், பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்த காலத்தில் எழுதியது இந்தப் பாட்டு என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தன் மனத்தையே நம்ப முடியாத ஒருவன் 'நான் புலம்புவதைக் கேட்க உனக்கு நேரம் இருக்கா' என்கிற தொனியில் பேசத் தொடங்குகிறான். வைத்தியரிடம் போகிறான், பிறகு பாலியல் தொழிலாளியிடம் போகிறான். இருவருமே அவனைக் கைகழுவுகிறார்கள். வைத்தியர் பெண், பாலியல் தொழிலாளி ஆண். போகிற போக்கில் ஒரு பிரதிப்பெயர்ச்சொல்லை மாற்றிப் போட்டதில் இது நிகழ்கிறது. கோடிப்பேர் சேர்ந்து பாடிய பாட்டுக்குள் இந்தச் சின்னப் பிசகு உட்கார்ந்திருக்கிறது; பாடியவர்களில் எத்தனை பேர் கவனித்தார்களோ.

இசையமைப்பைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். தொடக்கத்தில் ஒரு கிடாரும் ஒரு குரலும் மட்டும். கிடார்க் கம்பியை உள்ளங்கையால் அமுக்கி வாசிப்பதால் நாதம் விரியாமல் டொக்டொக் என்று விழுகிறது. பிறகு டிரம்ஸ் உருண்டு வர, பேஸ் சேர, மூடியைத் திறந்த மாதிரி எல்லாம் ஒன்றாக வெடிக்கிறது. மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. சுரக்கூட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசை பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மானியரான பாக்கெல்பெல்லின் கேனனை ஏறக்குறைய ஒத்தது. மேலை நாட்டுக் கல்யாணங்களில் வாசிக்கப்படுகிற அதே சமாச்சாரம். அதாவது காதுக்கு அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. மனம் நிலைகுலைவதைச் சொல்கிற வார்த்தைகள், நிலைகுலையவே முடியாத ஒரு சட்டகத்தில் ஓடுகின்றன.

அடோர்னோ 1941-இல் ஜனரஞ்சக இசை பற்றி எழுதிய கட்டுரையை இவ்விடத்தில் எடுத்துவந்து நிறுத்துவது சுலபம். தரப்படுத்தல், போலித் தனித்துவம் என்ற அவருடைய இரண்டு கருவிகளும் இதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். கட்டமைப்பு எல்லாப் பாட்டுக்கும் ஒன்று. மேலே ஒட்டப்படுவது 'தனி மனிதரின் வலி' என்ற லேபிள். கேட்பவருக்காகப் பாட்டே கேட்டு முடித்துவிடுகிறது. நானும் ரொம்பக் காலம் இப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வாசிப்பில் ஒரு ஓட்டை இருப்பது பிறகுதான் தெரிந்தது. பங்க் இசையின் ஜனநாயகம் என்று எதைச் சொல்கிறோம்? நாலு சுரக்கூட்டு தெரிந்தால் போதும், எவனும் மேடையேறலாம் என்பதைத்தான். கில்மனில் அந்த எளிமைக்குப் பெயர் விடுதலை. தொழிற்சாலையில் அதே எளிமைக்குப் பெயர் தரப்படுத்தல். வடிவம் ஒன்றே. லுக்அவுட்டில் வந்த 'வெல்கம் டு பாரடைஸ்' என்ற பாட்டையே 'டூக்கி'க்காகத் திரும்பப் பதிவு செய்தார்கள். ஒலி கொஞ்சம் கனத்திருக்கிறது, பாட்டு அதேதான். ஆகவே 'எந்த நொடியில் பாட்டு கெட்டுப்போனது' என்று இசைக்குள்ளே தேடினால் அகப்படாது. நாம் தேடுகிற குற்றம் பாட்டில் இல்லை, பாட்டு போய்ச்சேர்ந்த பாதையில் இருக்கிறது. அடோர்னோவின் காது இங்கே நமக்கு உதவாது. கணக்குப் புத்தகம்தான் உதவும்.

கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டியவர் ஸ்டீவ் அல்பினி. நிர்வாணாவின் 'இன் யுடெரோ'வை ஒலிப்பதிவு செய்தவர், 2024-இல் இறந்துபோனார். 1993-இல் 'த பாஃப்ளர்' என்ற சிற்றிதழில் அவர் எழுதிய கட்டுரையை மறுவருஷம் 'மாக்ஸிமம் ராக்கன்ரோல்' பெரிய கம்பெனிகளுக்கு எதிரான தன் சிறப்பிதழில் மறுபிரசுரம் செய்தது. அல்பினி ஒரு கற்பனைக் குழுவை எடுத்துக்கொள்கிறார். கம்பெனி இரண்டரை லட்சம் டாலர் முன்பணம் தருகிறது. மேனேஜருக்கு, வக்கீலுக்கு, ஸ்டூடியோவுக்கு, தயாரிப்பாளருக்கு, காணொளிக்கு, பயணத்துக்கு என்று ஒவ்வொரு வரியாக எழுதிக் கழித்துக்கொண்டே வருகிறார். தொகுப்பு இரண்டரை லட்சம் பிரதி விற்கிறது, நல்ல விற்பனைதான். கடைசி வரியில் ரிகார்டு கம்பெனிக்கு 7,10,000 டாலர் லாபம். குழுவில் ஆளுக்கு 4,031 டாலர் 25 சென்ட். அதுபோக ராயல்டிக் கணக்கில் குழு கம்பெனிக்கு இன்னும் 14,000 டாலர் பாக்கி.

இந்த மர்மத்தின் சாவி 'முன்பணம்' என்ற சொல்லில் இருக்கிறது. அது சம்பளம் இல்லை, கடன். பதிவுச் செலவும் காணொளிச் செலவின் பெரும்பகுதியும் குழுவின் கணக்கிலேயே எழுதப்படும். குழுவுக்குச் சேர வேண்டிய சின்ன விழுக்காட்டிலிருந்து அது அடைபடும்வரை கையில் ஒன்றும் வராது. கம்பெனியோ தன் பங்கை முதல் தட்டிலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கும். அடைத்து முடித்த பிறகும் மூலப்பதிவு கம்பெனிக்குத்தான் சொந்தம். நம் செங்கல் சூளைகளில் 'முன்பணம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இரண்டையும் சமமாக்குவது அபத்தம், ஒப்புக்கொள்கிறேன். கிடார்க்காரன் வேறு வேலைக்குப் போய்விடலாம், சூளைக்காரன் போக முடியாது. ஆனால் பொறியின் அமைப்பு ஒன்றுதான்.

கிரீன் டே இந்தப் பொறியில் மாட்டவில்லை. ஒரு கோடி விற்ற குழுவுக்குக் கடன் எப்போதோ அடைந்துவிட்டிருக்கும். இங்கேதான் 'ஹிட்' என்பதன் கருத்தியல் வேலை எனக்குத் தெரிகிறது. முன்பெல்லாம் லாட்டரிக் கடைகளில் பரிசு விழுந்தவரின் படத்தை மாலை போட்டு மாட்டியிருப்பார்கள். அந்தப் படம் பொய்யில்லை. அந்த ஆளுக்கு நிஜமாகவே பரிசு விழுந்தது. கடையில் அதன் வேலை வேறு. 'பாஸ்கெட் கேஸ்' அந்தப் படம். அதைப் பார்த்து 1994-க்குப் பிறகு எத்தனையோ குழுக்கள் அல்பினியின் கணக்குக்குள் போய் விழுந்தன. அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியாது, தெரிய வாய்ப்பும் இல்லை.

இந்தக் கைப்பிரதியைப் படித்த நண்பர் ஒருவர், 'அப்போ சின்னக் கம்பெனிலயே இருந்திருந்தா நேர்மையா இருந்திருக்கும்கிறீங்களா?' என்று கேட்டார். அதுவும் இல்லை. அதே 1994-இல் ஆஃப்ஸ்பிரிங் குழுவின் 'ஸ்மாஷ்' எபிடாஃப் என்ற சுயேச்சைக் கம்பெனியில் வந்து கோடிக்கு மேல் விற்றது. சுயேச்சை என்பது அளவைக் குறிக்காது என்று அதிலிருந்து தெரிகிறது. லுக்அவுட்டின் கதை இன்னும் கசப்பு. 'டூக்கி'யைக் கேட்டவர்கள் குழுவின் பழைய தொகுப்புகளைத் தேடி வாங்க, சின்னக் கம்பெனிக்குப் பெரிய பணம் வந்தது. லிவர்மோர் 1997-இல் விலகிவிட்டார். கம்பெனி புதிய குழுக்களில் பணத்தைக் கொட்டியது, குழுக்களுக்குத் தர வேண்டிய ராயல்டி பாக்கி விழுந்தது. 2005-இல் கிரீன் டே தன் முதலிரண்டு தொகுப்புகளின் உரிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. லுக்அவுட் அதோடு படுத்துவிட்டது, 2012-இல் மூடினார்கள். சிநேகிதர்களுக்குள் நடந்த கணக்கிலேயே காசு வராமல் போனது. இதை வைத்து 'பாத்தியா, எல்லாம் ஒண்ணுதான்' என்று முடிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. லுக்அவுட்டில் மூலப்பதிவைத் திரும்ப எடுக்க முடிந்தது என்பதே பெரிய வித்தியாசம்.

ஹெப்டிஜ் 1979-இல் எழுதிய உபகலாச்சாரம் பற்றிய நூலில், எதிர்ப்பின் குறிகள் இரண்டு வழிகளில் உள்ளிழுக்கப்படுகின்றன என்கிறார். ஒன்று, குறி பண்டமாகிறது. மற்றது, போலீசும் பத்திரிகையும் அதற்குப் பெயர் சூட்டி வகைப்படுத்துகின்றன. 'பாஸ்கெட் கேஸ்' காணொளியில் இரண்டும் ஒன்றாக நடக்கின்றன. மார்க் கோர் இயக்கியது. சாண்டா கிளாராவில் உள்ள ஆக்னியூஸ் என்ற நிஜ மனநல நிலையத்தில் படம் பிடித்தார்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்து, மேலே மிட்டாய் நிறங்களை ஏற்றினார்கள். 1906 நிலநடுக்கத்தில் ஆக்னியூஸின் கட்டடம் சரிந்து உள்ளே அடைபட்டிருந்தவர்களும் ஊழியர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எம்டிவியில் பார்த்தவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. தெரிவது சக்கர நாற்காலி, மாத்திரை, பச்சை உடுப்பு, துருத்திய கண்கள். பூக்கோ 1961-இல் எழுதியது, பைத்தியத்தைப் பேசவிடாமல் அடைத்த வரலாறு. இங்கே அடைப்பு காலியாகிவிட்டது, பேச்சும் திறந்துவிடப்பட்டது. ஆனால் மூன்று நிமிடத்துக்கு மட்டும், பல்லவியோடு. அந்நிலையத்தின் சாண்டா கிளாரா வளாகம் பின்னால் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியின் கைக்குப் போனது, இப்போது ஆரக்கிள் வசம். கட்டுரையாளனுக்கு இவ்வளவு வசதியான உருவகம் கிடைத்தால் சந்தேகப்பட வேண்டும், எனவே விட்டுவிடுகிறேன்.

இந்தப் பாட்டைக் கேட்டு, தனக்கும் இப்படி வருகிறது, இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, தான் மட்டும் இல்லை என்று ஆறுதல் கொண்ட பதினாறு வயதுக்காரர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோருக்குக் கில்மன் தெரு எங்கே என்று தெரியாது. வார்னரின் லாரி கொண்டுவந்து சேர்க்காவிட்டால் பாட்டும் தெரிந்திருக்காது. அதே 1994 சுற்றுப்பயணத்தில் கிரீன் டே தனக்கு முன்னால் வாசிக்க அழைத்துப் போனது 'பான்ஸி டிவிஷன்' குழுவை. வெளிப்படையான ஒருபாலீர்ப்பாளர்களின் பங்க் குழு. ஊர் ஊராகப் பெரிய அரங்குகளில், எம்டிவி பார்த்து வந்த பையன்கள் முன்னால் அவர்கள் தங்கள் காதலையும் காமத்தையும் பாடினார்கள். ஏச்சும் வாங்கினார்கள், பொருள்களும் பறந்து வந்தன. கம்பெனி விரும்பி ஏற்பாடு செய்ததில்லை இது. பண்டத்தின் வலையில் இப்படிக் கண்ணிகள் கிழிவதும் உண்டு. பாட்டுக்குள் இருந்த அந்தப் பிரதிப்பெயர்ச்சொல் பிசகும் இந்த மேடையும் ஒரே நூல்தான். மறுவருஷம் தான் இருபாலீர்ப்பாளர் என்று ஆம்ஸ்ட்ராங் ஒரு பேட்டியில் சொன்னார்.

எதிர்ப்பக்கத்தில் என்ன நடந்தது? 1994 மே மாதம், கில்மனில் ஜெல்லோ பியாஃப்ராவை அடித்தார்கள். டெட் கென்னடிஸ் குழுவின் பாடகர். 'விலைபோன ராக் ஸ்டார்' என்று கத்தியபடி அடித்ததில் காலில் பலத்த காயம். பியாஃப்ரா பெரிய கம்பெனி எதிலும் சேர்ந்தவர் இல்லை. 'ஆல்டர்னேடிவ் டென்டகில்ஸ்' என்ற சுயேச்சைக் கம்பெனியை அவரே நடத்திவந்தார். அடிதடி கூடாது என்று எழுதியிருந்த சுவருக்குள்ளேதான் இது நடந்தது.

நான் இதைத் தற்செயல் என்று ஒதுக்க மாட்டேன். வெளியைக் காக்கும் விதி, ஆளை அளக்கும் கோலாக மாறும்போது இப்படித்தான் ஆகும். பூர்தியு 1983-இல் பண்பாட்டுக் களத்தைத் 'தலைகீழான பொருளாதார உலகம்' என்றார். அங்கே காசில் தோற்றவர் மதிப்பில் ஜெயிக்கிறார். ஆனால் அந்தத் தோல்வியைத் தாங்கி உட்கார்ந்திருக்கவும் கையில் ஏதாவது இருக்க வேண்டும். ரோடியோவின் பையனுக்குக் கிடாரைத் தவிர வேறெதுவும் இல்லை. அவனிடம் 'நீ ஏன் ஏழையாகவே இருக்கவில்லை' என்று கேட்கும் உரிமை நமக்கு எப்படி வந்தது? விதி சரி. சாபம் தப்பு. இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் போனதுதான் அந்த வருஷத்தின் பிரச்சினை என்பது என் வாதம்.

ஒரு பக்கக் கதையும் உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து அராஜகவாதக் குழுவான சும்பாவாம்பா, 1989-இல் இஎம்ஐ கம்பெனியைக் கெட்ட வார்த்தையில் திட்டும் தலைப்புக் கொண்ட ஒரு கூட்டுத்தொகுப்பில் பங்கெடுத்தது. 1997-இல் அதே இஎம்ஐயில் 'டப்தம்பிங்' வந்து பிரிட்டனில் இரண்டாம் இடம், அமெரிக்காவில் ஆறாம் இடம். காறித் துப்பினார்கள் தோழர்கள். மறுவருஷ பிரிட் விருது விழாவில், லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர்களைத் தொழிற்கட்சி அரசு கைவிட்டதற்காகத் துணைப்பிரதமர் ஜான் பிரெஸ்காட்டின் தலையில் குழுவின் ஒருவர் ஐஸ் தண்ணீரைக் கொட்டினார். 2002-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு கார் விளம்பரத்துக்காகத் தந்த காசை, அந்தக் கம்பெனிக்கு எதிராகவே பிரச்சாரம் செய்கிற அமைப்புகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் இப்படிச் செய்ய முடியாது. செய்தவர்கள் முன்பே பதினைந்து வருஷம் கூட்டாக வாழ்ந்து, காசைப் பொதுவில் வைத்துப் பழகியவர்கள். ஆனாலும் 'விலைபோனாயா' என்பதற்குப் பதிலாக 'விலை எங்கே போனது' என்று கேட்கலாம் என்பதை அவர்கள் காட்டினார்கள்.

கிரீன் டே அத்தகைய அரசியல் குழு இல்லை. அவர்களுக்கு அந்த வேஷம் போடவும் நான் தயாரில்லை. வுட்ஸ்டாக் 94 விழாவில் கூட்டத்தோடு சேற்றை வாரி இறைத்துக்கொண்டதும், பாஸ்டனில் ஒரு வானொலி நிலையம் நடத்திய இலவச நிகழ்ச்சியில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் கூடிக் கலவரமாகிப் பாதியில் நின்றதும் தொலைக்காட்சிக்கு நல்ல தீனி, விற்பனைக்கு நல்ல எரு. 'அமெரிக்கன் இடியட்' 2004-இல் வந்து, 2010-இல் பிராட்வே மேடை நாடகமாகவும் ஆனது. 2015 ஏப்ரலில் ராக் இசையின் புகழ்க்கூடத்தில் அவர்களைச் சேர்த்தார்கள்.

அதற்கு ஒரு மாதம் கழித்து, மே மாதத்தில் கில்மன் தெரு 924-இல் மறுபடி வாசித்தார்கள். அந்த மார்ச்சில் ஓக்லண்டில் ஏற்பட்ட தீயில் ஏகே பிரஸ் என்ற அராஜகவாதப் பதிப்பகத்தின் கிடங்கும் 1984 பிரிண்டிங் என்ற அச்சகமும் பாதிக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி. டிம் யோஹானன் இறந்து பதினேழு வருஷம் ஆகியிருந்தது. கிரீன் டே அப்போதும் ரிப்ரைஸ் ஒப்பந்தத்தில்தான் இருந்தது.